சமையலறையில் கிடைத்த பள்ளிக்கூடம்



வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்கு வியர்த்துக் கொட்டும். மனசுக்குள் படிக்கும்போது நன்றாகத்தான் வரும். வாயைத் திறந்தால் திக்கும். பின்னாடி யாராவது சிரிச்சிட்டா அவ்வளவுதான், தெரிஞ்ச எழுத்தும் மறந்து போகும். அதனால்தான் இந்த மாதம் மாக்சிம் கார்க்கியைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

கார்க்கி 1868-இல் ரஷ்யாவில், வோல்கா நதிக்கரையில் உள்ள நிழ்னி நோவ்கரத் ஊரில் பிறந்தார். இயற்பெயர் அலெக்சேய் பெஷ்கோவ். சின்ன வயதில் அவருக்கு காலரா வந்தது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அப்பாவுக்கும் அது தொற்றியது. பிள்ளை பிழைத்தது, அப்பா இறந்துவிட்டார். பிறகு சாயப்பட்டறை வைத்திருந்த தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தா எழுத்து சொல்லிக் கொடுத்தார், அடியும் கொடுத்தார். பாட்டி கதை சொன்னார். 1879-இல் அம்மாவும் இறந்துபோக, தாத்தா அவரை வேலைக்கு அனுப்பிவிட்டார். அப்போது வயது பதினொன்றுதான். நம்ம ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்!

செருப்புக்கடையில் எடுபிடியாக இருந்தார். பிறகு வோல்காவில் ஓடும் நீராவிக் கப்பலில் பாத்திரம் கழுவினார். அந்தக் கப்பலின் தலைமைச் சமையல்காரர் பெயர் ஸ்மூரி. ஆள் மலைபோல இருப்பார். எல்லாரும் அவரைக் கண்டால் பயப்படுவார்கள். ஆனால் அவரிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது! அவர் சிறுவனைக் கூப்பிட்டு சத்தமாக வாசிக்கச் சொல்வார். புரியவில்லை என்றால் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். கழுவ வேண்டிய பாத்திரத்தை வேறு ஆள் தலையில் கட்டிவிட்டு இவரை வாசிக்க வைப்பார். மற்றவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் புரியாத புத்தகங்கள். பிறகு கப்பல் தலைவரின் மனைவி நல்ல நாவல்களைக் கொடுத்தார். கோகோல் எழுதிய தாராஸ் புல்பாவை வாசித்தபோது அந்த முரட்டு ஸ்மூரி அழுதுவிட்டார். பாத்திரம் கழுவுகிற பையன் வாசிச்சு ஒரு பெரிய மனுஷன் அழுதார்னா, அந்த வாசிப்பில் எவ்வளவு உயிர் இருந்திருக்கும்! தனக்குப் புத்தகத்தின் மேல் ஆசை வர வைத்தவர் என்று கார்க்கி பிற்காலத்தில் ஸ்மூரியை நன்றியோடு எழுதினார்.

அடுத்து வேலை செய்த வீட்டில் படிப்பதற்குத் தடை. ராத்திரி நிலா வெளிச்சத்தை செம்புப் பாத்திரத்தில் பட வைத்துப் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. சாமி விளக்கின் கீழே பெஞ்சில் ஏறி நின்று படித்தார். பிறகு சாமிப் படம் வரையும் பட்டறையில் சேர்ந்து, அங்கே தொழிலாளர்களுக்கும் வாசித்துக் காட்டினார்.

1884-இல் பல்கலைக்கழகத்தில் சேரும் ஆசையோடு கஸான் நகருக்குப் போனார். சேர முடியவில்லை. ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். ஆனாலும் 1892-இல் முதல் கதை அச்சில் வந்தது. அப்போது வைத்துக்கொண்ட பெயர்தான் கார்க்கி. அதற்குக் கசப்பு என்று பொருள். 1906-இல் எழுதிய 'தாய்' நாவல் உலகப் புகழ் பெற்றது. தொ.மு.சி. ரகுநாதன் அதைத் தமிழில் தந்திருக்கிறார். 1936-இல் கார்க்கி மறைந்தார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்று தோன்றியது. கார்க்கிக்குக் கிடைத்தது பெரிய பள்ளிக்கூடம் இல்லை. சிரிக்காமல் கேட்க ஒரு ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். எங்க அப்பாயிக்கு எழுத்து தெரியாது. இப்போது தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவங்களுக்குக் கதைப்புத்தகம் வாசிக்கிறேன். நான் திக்கினால் அவங்க சிரிக்கிறதில்லை. அப்புறம் என்னாச்சுன்னுதான் கேட்கிறாங்க. முதல் வாரம் ஒரு பக்கம் முடிக்கவே மூச்சு வாங்கியது. இப்போது நாலு பக்கம் ஓடுகிறது. வகுப்பில் இன்னும் பயம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் அடுத்த தடவை நானே கை தூக்கப் போகிறேன்.

தோழிகளே, தோழர்களே! யாராவது தட்டுத்தடுமாறி வாசித்தால் சிரிக்காதீர்கள். ஸ்மூரி மாதிரி உட்கார்ந்து கேளுங்கள்.

வாய்விட்டு வாசிப்போம்! காதுகொடுத்துக் கேட்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி