பிரிம்லிக் கல்லறையும் பெரியாற்று இடுகாடும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இலண்டன் செல்லும் அன்பர்களுள் சிலர் தேம்சு நதியையும் அரண்மனைகளையும் கண்டதோடு திரும்பிவிடுவதில்லை. நகரின் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், கேம்பர்லியை அடுத்துள்ள பிரிம்லி என்னும் ஊரின் புனித பீட்டர் ஆலயத்து இடுகாட்டைத் தேடிச் செல்கின்றனர். அங்கே துயில்பவர், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக். நம் பகுதி வீடுகளில் சாமி படங்களின் வரிசையில் மாட்டப்பெற்றிருக்கும் அதே மீசைக்காரத் துரைதான்.

அவர் கதையைக் கல்லறையிலிருந்தே தொடங்குவதும் பொருந்தும். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்த அவருடைய தந்தையார் பிரிகேடியர் நிலையில் இருந்த படைத்தலைவர். 1849 ஜனவரி 13 அன்று, சீக்கியருடன் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் அவர் வீழ்ந்தார். உடன் போரிட்ட மகன் அலெக்சாண்டர், பதினேழே வயதான இளைஞன், தந்தையின் உடலைக் காத்து நின்று தானும் மடிந்தான். இளையவர் ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்று இரண்டே நாட்கள் இருந்தன. இன்று பாகிஸ்தானில் உள்ள அப்போர்க்களத்தில் மாண்டவர்களுக்கான நினைவுத் தூண் நிற்கிறது.

இவ்விழப்பு அவரைப் படைத்துறையிலிருந்து விலக்கவில்லை. அடிஸ்கோம்ப் படைக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860இல் இந்தியா வந்தார். 1868இல் அபிசீனியப் போருக்கும் சென்று மீண்டார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது போர் அன்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஓர் ஆற்றைக் கிழக்கே திருப்பிய பணியே.

அவ்வெண்ணம் அவருடையது மட்டுமன்று. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைக் கருதினார். 1808இல் ஆய்ந்த கேப்டன் கால்டுவெல் இயலாது என்றார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் மீண்டும் முயன்றார். தாது வருடப் பஞ்சம் எல்லாவற்றையும் நிறுத்தியது. அப்பஞ்சமே வைகைக் கரைக்கு வேறு வழியில்லை என்பதையும் காட்டியது. 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட, 1887இல் வேலை தொடங்கிற்று.

யானைகளும் அட்டைகளும் நிறைந்த காடு அது. வெள்ளம் வந்து கட்டிய பகுதிகளை அடித்துச் சென்றது; மீண்டும் கட்டினர். சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த கலவையால் 155 அடி உயர அணை எழுந்தது. மலை முதுகைத் துளைத்து 5,704 அடி நீளச் சுரங்கம் வெட்டப்பட்டது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். கூடலூர் தொடங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இன்றும் அந்நீரை நம்பியே இருக்கின்றன.

அரசு கைவிட்டபோது துரை தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று நம்மவர் கூறுவர். கவியரங்குகளில் இதைப் பாடாதார் இல்லை. அணை சென்னை அரசின் பொதுப்பணித் துறை வேலை. அரசுப் பணத்தில் நடந்தது. அவர் பெருமைக்கு அந்தக் கதையின் முட்டு வேண்டுவதில்லை என்பது என் கருத்து. வெள்ளம் கொண்டுபோன சுவரை மறுபடியும் எழுப்பிய நெஞ்சுறுதி ஒன்றே போதும்.

அக்கதையின் ஒளியில் மறைந்துபோனவர்களும் உளர். அணை கட்டிய ஆண்டுகளில் நோயால் இறந்தோர் 483 பேர். காய்ச்சலே பெருங்கொலைஞன். அணைக்குச் சற்று வடக்கே, கானகத்துள்ளேயே அவர்களுக்கான இடுகாடு அமைந்தது. கல் சுமந்தோரும் சுண்ணாம்பு அரைத்தோரும் அங்கே மண்ணாயினர்.

பென்னிகுவிக் இந்தியாவை விட்டபின், 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குச் சென்று அவ்வூர் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை கூறினார். 1911 மார்ச் 9 அன்று, எழுபதாம் வயதில், கேம்பர்லியில் காலமானார். பிறந்த நாள் தைப் பொங்கலை ஒட்டி வருவதால் நம் சிற்றூர்கள் அன்று அவர் படத்தின் முன் பொங்கலிடுகின்றன. 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022இல் கேம்பர்லியிலும் சிலை எழுந்தது.

பிரிம்லிக்குப் போய்வர வசதியுள்ளோர் சிலரே. பெரியாற்று இடுகாடோ நம் மலைக்கு அப்பால்தான். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை இசைவு வேண்டும். அங்கே கிடப்போர் 483 பேரைப் பற்றி நம் வட்டத்தார் எவரும் இதுவரை ஒரு வெண்பாவும் பாடியதாக நான் கேட்டதில்லை. பதினோராம் ஆண்டுப் பொங்கல் கவியரங்கில் துரைக்கு ஒரு தலைப்பு எப்படியும் இருக்கும். அவர்களுக்கும் ஒன்று ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன்.