சுவரைப் படித்த மனிதர்: செனரத் பரணவிதான

கோட்டை, கோயில்னு எங்க போனாலும் சுவத்துல பேரைக் கிறுக்கிட்டு வர்ற ஆளுங்களை நாம பாத்திருப்போம். திட்டவும் திட்டியிருப்போம். ஆனா அதே கிறுக்கல் 1,200 வருஷம் பழசா இருந்தா? அது வரலாறு! அப்படிப்பட்ட கிறுக்கல்களுக்காகப் பல வருடங்கள் உழைத்தவர்தான் இலங்கைத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான.

1896 டிசம்பர் 26 அன்று காலி நகருக்குப் பக்கத்தில் மெத்தாரம்ப என்ற ஊரில் பிறந்தார். முதலில் பள்ளி ஆசிரியர். பிறகு இலங்கைத் தொல்லியல் துறையில் சேர்ந்தார். கல்வெட்டுப் படிக்கக் கத்துக்கிட்டது எங்க தெரியுமா? நம்ம ஊட்டியில! இந்தியக் கல்வெட்டுத் துறையின் அலுவலகம் அப்போது அங்கேதான் இருந்தது. 1936இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1940 முதல் 1956 வரை இலங்கைத் தொல்லியல் ஆணையராக இருந்தார்.

இப்போ சிகிரியாவுக்கு வருவோம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் ஒரு பெரிய பாறை மேல் கட்டிய அரண்மனை அது. பாறையின் பக்கவாட்டில் அழகான பெண்களின் ஓவியங்கள் உண்டு. ஏறிப்போகும் வழியில் பளபளன்னு சுண்ணாம்பு பூசிய ஒரு சுவர். அதுக்குப் பேரு கண்ணாடிச் சுவர். மன்னன் காலத்துக்குப் பிறகு சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ஓவியப் பெண்களைப் பார்த்து மயங்கி, அந்தச் சுவரிலேயே கவிதை கீறிவிட்டுப் போனார்கள். சிலர் பேரும் ஊரும்கூட எழுதினார்கள். பெண்களும் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறது லேசான வேலை இல்லை. கீறல் ஒவ்வொன்றும் முடி மாதிரி மெல்லிசு. ஒருத்தர் எழுதினது மேலேயே இன்னொருத்தர் எழுதியிருப்பார். கல்வெட்டுக்குச் செய்வதுபோல ஈரக் காகிதம் ஒட்டி மைப்படி எடுக்கலாம் என்றால், அவ்வளவு ஆழம் கீறலுக்குக் கிடையாது. வெளிச்சம் நேரா விழுந்தா எழுத்தே மறைஞ்சிடும், பக்கவாட்டில் விழுந்தாத்தான் தெரியும். பரணவிதான பொறுமையாக எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படித்தார். 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 பாடல்களை, 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தக் காலச் சிங்கள மொழி எப்படி இருந்தது என்பதற்கு இன்றும் அது முக்கியமான ஆதாரம்.

கதை இத்தோடு முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு புது விஷயம் சொன்னார். ஏற்கெனவே தெரிந்த கல்வெட்டுகளின் வரிகளுக்கு நடுவே, பொடி எழுத்தில் வேறொரு வரலாறு எழுதியிருக்கிறது என்றார். இலங்கைக்கும் மலேசியாவுக்குமான உறவு, கிரேக்கர்கள், காசியப்பனின் கதை என்று அதை வைத்துப் புத்தகங்களே எழுதினார். சிக்கல் என்னன்னா, அந்த எழுத்து அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்ற அறிஞர்கள் அதே கல்லைப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. 685 பாடல்களைக் கண்டெடுத்த அதே கண்தான்! ஆனாலும் யாரும் சரிபார்க்க முடியாததை ஆதாரமாக ஏற்க முடியாது இல்லையா? 1972இல் அவர் மறைந்தார். அந்தச் சர்ச்சை அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் நம்ம பொறியியல் வருது. 2001இல் ஹெச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் குழுவினரும் வெளியிட்ட ஒரு முறையிலிருந்து வளர்ந்ததுதான் ஆர்.டி.ஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லீங்க, இது வேற! கேமராவை அசைக்காம வெச்சு, விளக்கை மட்டும் ஒவ்வொரு திசையா மாத்தி, பல டஜன் போட்டோ எடுக்கணும். ஒவ்வொரு பிக்சலும் எந்தத் திசை வெளிச்சத்துக்கு எவ்வளவு பிரகாசமாகிறது என்பதை வைத்து, அந்த இடத்தில் பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சாப்ட்வேர் கணக்குப் போடும். அப்புறம் திரையிலேயே விளக்கை எந்தப் பக்கம் வேணும்னாலும் நகர்த்திப் பாக்கலாம். சுவரைத் தொடவே வேண்டாம், அதனால் சேதமும் இல்லை.

இதோட பெரிய லாபம், மங்கின எழுத்து தெரியுறது மட்டும் இல்லை. அதே கோப்பைச் சென்னையில் ஒருத்தர், கொழும்பில் ஒருத்தர் திறந்து, எழுத்து இருக்கா இல்லையான்னு தாங்களே பார்த்து முடிவு செய்யலாம். பரணவிதானவிடம் திறமைக்குக் குறைவே இல்லை. அவர் பார்த்ததை அப்படியே அடுத்தவருக்குக் காட்ட ஒரு கருவிதான் அன்று இல்லை. லேப் ரெக்கார்டில் விடையோடு ரீடிங்கையும் எழுதுன்னு நம்மள ஏன் படுத்துறாங்கன்னு இப்போ புரியுதா?