குளக்கட்டும் பூங்காவும்: பற்றிக் கெடிஸ் விட்டுச்சென்ற பாடம்

யுத்தம் 2009 இல் ஓய்ந்த பின்னர் வன்னியில் வீதிகளும் கட்டடங்களும் எழுந்துள்ளன. பூங்காக்களும் சிறுவர் விளையாட்டு இடங்களும் அமைக்கப்பட்டுள்ளன. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், ஒரு பொது வெளியை யாரைக் கேட்டு அமைப்பது, அமைத்த பின் யார் பராமரிப்பது என்ற வினாக்கள் எம்மிடையே போதியளவு எழவில்லை. இவ்வினாக்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விடை தேடியவர் நகரத் திட்டமிடலின் முன்னோடியான சேர் பற்றிக் கெடிஸ். அவரது வாழ்வை இன்று நினைவுகூர்வது பொருத்தமானதென எண்ணுகிறோம்.

ஸ்கொட்லாந்தில் 1854 ஆம் ஆண்டு பிறந்த கெடிஸ், இராணுவத்தில் பணியாற்றிய தந்தையின் தோட்டத்திலேயே இயற்கையைக் கற்றார். பின்னர் லண்டனில் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. 1879 இல் ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்றிருந்தபோது அவரது பார்வை சில காலம் பறிபோனது. அதன் பின்னர் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பணியாற்ற இயலாது போகவே, அவரது கவனம் மெல்ல மனித சமூகத்தின் பக்கம் திரும்பியது.

1886 இல் அன்னா மோர்ட்டனை மணந்த அவர், வசதியான பகுதியை நாடாது, எடின்பரோ பழைய நகரின் வறியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பில் மனைவியுடன் குடியேறினார். தாமே சுவருக்கு வெள்ளையடித்தனர். முற்றத்தைத் துப்புரவு செய்தனர். சாளரங்களில் பூச்செடி வைத்தனர். அயலவர்களும் படிப்படியாக இணைந்தனர். பிற்காலத்தில் அவரது குழுவினர் அப்பழைய நகர் முழுவதும் நடந்து, பயனின்றிக் கிடந்த 76 வெற்று நிலங்களைக் கணக்கெடுத்தனர். அவை யாவும் சேர்ந்து சுமார் 10 ஏக்கர் மட்டுமே. அத்துண்டு நிலங்களிற் சில தோட்டங்களாயின. அவற்றைப் பேணியதில் அப்பகுதிப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பெரும் பங்குண்டு.

1914 இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியா புறப்பட்டார். அவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் மீண்டும் திரட்டியனுப்பிய பொருட்களைக் கொண்டு, 1915 இல் சென்னையிற் கண்காட்சி நடந்தேறியது. தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட நகரங்களின் சந்துபொந்துகளெல்லாம் அவர் கால்நடையாகச் சென்றார். குடிமனைகளை இடித்து நேர்வீதி அமைக்கும் அதிகாரிகளின் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் மரம் நட்டு, மக்கள் கூடியிருக்க வெளி அமைத்தால் போதும். செலவும் குறையும், எவரும் வீடிழந்து தெருவில் நிற்கவும் நேராது என்பதே அவரது நிலைப்பாடு.

குளங்கள் தொடர்பான அவரது கருத்து எமக்கு மிகவும் நெருக்கமானது. மலேரியாவைக் காரணங்காட்டிக் குளங்களை மூடிவிட முனைந்த சுகாதார அதிகாரிகளை அவர் எதிர்த்தார். குளம் வெள்ளத்தைத் தாங்கும், சூழலைக் குளிர்விக்கும். நுளம்பை ஒழிக்க மீனும் வாத்தும் வளர்க்கலாம் என எடுத்துரைத்தார்.

1917 அவருக்குத் துயர ஆண்டாயிற்று. மூத்த மகன் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார். காய்ச்சலில் வீழ்ந்து இந்தியாவில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த மனைவியிடம் அச்செய்தியைக் கூறும் துணிவு அவருக்கு இருக்கவில்லை. மகனின் மறைவை அறியாமலே சில வாரங்களில் அன்னாவும் கண்மூடினார். எனினும் அவர் பணியை விடவில்லை. பிளேக் நோய் அச்சுறுத்திய இந்தூரில், தீபாவளி ஊர்வலம் எந்தத் தெருக்கள் நன்கு துப்புரவாக உள்ளனவோ அவற்றின் வழியே செல்லும் என அறிவிக்கச் செய்தார். மக்கள் போட்டியிட்டுத் தெருக்களைத் துப்புரவு செய்தனர். துப்புரவுத் தொழிலாளர்கள் அவ்வூர்வலத்தில் மதிப்புடன் அழைத்துச் செல்லப்பட்டனர்.

லக்னோ, டாக்கா, ஜெருசலேம் ஆகிய நகரங்களுக்கும் அவர் திட்டங்கள் வரைந்தார். 1921 இல் கொழும்புக்கான அறிக்கை வெளியானது. 1932 ஏப்ரலில் பிரான்சில் அவர் காலமானார். அவர் காலனித்துவ ஆட்சியாளரின் அழைப்பிலேயே பணியாற்றினார் என்பதும், அவரது திட்டங்களிற் பெரும்பாலானவை ஏட்டளவிலேயே நின்றன என்பதும் மறுக்க முடியாதவை. ஆயினும், திட்டமிடுவதற்கு முன் அந்த ஊரையும் அதன் மக்களையும் அறிய வேண்டும் என்ற அவரது நெறி காலாவதியாகவில்லை.

அந்நெறியை வன்னிக்குப் பொருத்திப் பார்ப்போம். வைரவப்புளியங்குளம், பண்டாரிக்குளம், பட்டாணிச்சூர் புளியங்குளம் என வவுனியா நகரின் குடியிருப்புகளே குளங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. குளக்கட்டும் அதன் மருதமர நிழலும் மேய்ச்சல் தரையுமே எமது முன்னோரின் பூங்காக்கள். குளத்தின் ஒரு பகுதியை நிரவிப் பூங்கா அமைப்பது, இருக்கும் பூங்காவை அழித்து இன்னொன்றைச் செய்வதற்கு ஒப்பாகும்.

காடுகளின் நிலையும் இதுவே. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவானது. பறவைகளும் காடும் காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு இரு கருத்தில்லை. ஆனால், 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் யுத்தத்தில் இடம்பெயர்ந்த தமிழர்களும் ஊர் திரும்பியபோது, தாம் வாழ்ந்த, பயிரிட்ட நிலங்கள் சில காடேறி, வரைபடத்தில் வனமாகவே குறிக்கப்பட்டிருக்கக் கண்டனர். மக்களைக் கேளாது கீறப்படும் எல்லையை மக்கள் தமதெனக் கருதிக் காப்பார்கள் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே, பிரதேச சபைகளிடமும் திணைக்களங்களிடமும் நாம் வேண்டுவது பெரிதல்ல. கமக்கார அமைப்புகள், மாதர் சங்கங்கள், மீனவர்கள், ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்கள், பாடசாலை மாணவர்கள் ஆகியோருடன் ஒவ்வோர் ஊரையும் முதலில் நடந்து பாருங்கள். அவ்வூரின் பொது வெளிகளை அவர்களுடனேயே கணக்கெடுங்கள். மரத்தை அவர்கள் கையாலேயே நாட்டுங்கள். அடிக்கல்லில் பொறிக்கப்படும் பெயர் எவருடையதாயினும், அம்மரத்துக்கு நாளை தண்ணீர் ஊற்றப்போகிறவர்கள் அவர்களே.