புள்ளி விவர மேதை மகலனோபிஸ்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகள்தான். எத்தனை பேர் வந்திருப்பார்கள்? டீக்கடையில் ஒருவர் பத்து லட்சம் என்பார். பக்கத்தில் இருப்பவர் இருபது லட்சம் என்பார். இரண்டு பேருமே எண்ணிப் பார்த்தவர்கள் அல்ல.

டீக்கடையில் இப்படிப் பேசலாம். சர்க்கார் பேச முடியாது. எத்தனை பஸ் விடுவது, எவ்வளவு குடிநீர் வைப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்தது. கணக்கு தப்பினால் ஜனங்களுக்குக் கஷ்டம். நாடு முழுவதற்கும் இதே கதைதான்.

நாட்டின் கணக்கை எப்படி எடுப்பது, எடுத்த கணக்கை எப்படி நம்புவது என்று இந்தியாவுக்குக் கற்றுக் கொடுத்தவர் பி.சி. மகலனோபிஸ்.

ராமானுஜத்தின் நண்பர்

அவர் 1893-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். நம் கணித மேதை ராமானுஜம் அப்போது அங்கே இருந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். ஒரு நாள் ராமானுஜம் குளிரில் வாடுவதைக் கண்டு மகலனோபிஸ் விசாரித்தார். படுக்கையில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜத்துக்குத் தெரியவில்லை. கம்பளிகளின் மேலேயே படுத்திருக்கிறார்! மகலனோபிஸ்தான் விரித்துக் காட்டினார்.

1915-ல் ஊர் திரும்பும்போது, புள்ளி விவரம் பற்றிய பத்திரிகையின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்தார். அவர் கற்றது பௌதிகம். ஆனால் மனம் புள்ளி விவரத்தில் ஒட்டிக் கொண்டது.

ஒரிசா வெள்ளம்

1926-ல் ஒரிசாவில் பெரு வெள்ளம் வந்தது. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்துவிட்டது, ஆகவே கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள் என்ஜினீயர்கள். மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டுகளின் மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்து வைத்துக் கொண்டு பார்த்தார். அடிமட்டம் உயரவில்லை, மேலே பெய்த பெருமழைதான் காரணம் என்று கண்டார். கரையை உயர்த்திப் பயனில்லை, மேற்பகுதியில் அணை கட்டுங்கள் என்று யோசனை சொன்னார். பழைய கணக்குகளை யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால் அல்லவா உண்மை தெரிந்தது!

1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். பிரசிடென்சி கல்லூரியில் ஓர் அறைதான் இடம். முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு.

ஒரு சோறு பதம்

வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மகலனோபிஸ் செய்ததும் அதுதான். ஆனால் பானையை நன்றாகக் கிளற வேண்டும். மேலாக உள்ள சோற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஆகவே எந்த நிலத்தைப் பார்ப்பது என்பதை யார் இஷ்டத்துக்கும் விடவில்லை. சீட்டுக் குலுக்குவது போலப் பொறுக்கினார்.

இன்னொரு காவலும் வைத்தார். ஒரே பகுதிக்கு இரண்டு கோஷ்டிகளைத் தனித்தனியே அனுப்பினார். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தால் நம்பலாம். வெகுவாக மாறினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தம் ஆட்களின் கணக்கையே சோதித்துப் பார்த்தவர் அவர்.

1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்த குடும்பங்களின் கதி என்ன? எத்தனை பேர் நிலத்தை விற்றார்கள், மாட்டை இழந்தார்கள் என்று கிராமம் கிராமமாக ஆட்களை அனுப்பி விசாரித்து வெளியிட்டார்.

உப்பு சொன்ன கணக்கு

1947-ல் பிரிவினைக் கலவரத்தின்போது, டெல்லி செங்கோட்டையில் ஏராளமான பேர் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டது சர்க்கார். அரிசி, பருப்பு என்று கான்ட்ராக்டர்கள் நீட்டிய பில் மலைக்க வைத்தது. உள்ளே எத்தனை பேர் என்று எண்ண வழியில்லை.

மகலனோபிஸின் கழகத்தைச் சேர்ந்த ஜே.எம். சென்குப்தா ஒரு வழி சொன்னார். விலை அதிகமான அரிசியிலும் பருப்பிலும் பொய்க் கணக்கு எழுதினால் லாபம் உண்டு. மலிவான உப்பில் என்ன லாபம்? ஆகவே உப்புக் கணக்கு உண்மையாக இருக்கும். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பது தெரியும். வகுத்துப் பார்த்தார்கள். தலைக் கணக்கு கிடைத்துவிட்டது! ஹுமாயூன் சமாதியில் இருந்த சிறிய முகாமிலும் இந்த முறையைச் சோதித்தார்கள். சரியாகவே வந்தது.

நாடு முழுவதும்

சுதந்திரத்துக்குப் பிறகு நேருவின் சர்க்காருக்கு மகலனோபிஸ் புள்ளி விவர ஆலோசகர் ஆனார். 1950-ல் அவர் முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் சுற்றில் சுமார் 1,800 கிராமங்களுக்கு ஆட்கள் போனார்கள். ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1968-ல் பத்ம விபூஷண் பட்டம் பெற்றார். 1972-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி காலமானார். மறுநாள் அவருடைய 79-வது பிறந்த நாள். அந்த ஜூன் 29-ந் தேதியே 2007 முதல் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அவர் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. ஒரு நாள் உங்கள் வீட்டுக் கதவையும் ஒருவர் தட்டலாம். வரி போட வந்தாரோ என்று பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் விவரத்தை உங்கள் பெயரோடு வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவர் அடையாளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பானையிலிருந்து எடுத்த ஒரு சோறு நீங்கள்தான். நீங்கள் தப்பாகச் சொன்னால், உங்களைப் போன்ற ஆயிரம் குடும்பங்களின் கணக்கும் தப்பாகிவிடும்.