பிரெடெரிக் லாஞ்செஸ்டர்

ஓடும் வண்டியின் விரைவைக் கண்டு வியப்பவர் பலர்; அதனை நிறுத்தும் கருவியை நினைப்பவர் மிகச் சிலர். ஆயினும், நிறுத்த இயலாத வண்டியில் ஏறத் துணிவார் யார்? மோட்டார் வண்டிக்கு டிஸ்க் பிரேக்கு என்னும் வட்டத்தகட்டுத் தடையைக் கருதிப் படைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றையும், அத்தடை பழைய வண்டிகளிற் கொள்ளும் நோய் ஒன்றையும், அந்நோயின் தீர்வையும் ஈண்டு யாம் கூறப் புகுகின்றோம்.

பிரெடெரிக் வில்லியம் லாஞ்செஸ்டர் 1868ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள் லண்டன் மாநகரைச் சார்ந்த லூயிஷத்திற் பிறந்தார். தந்தையார் கட்டடக் கலைஞர். மக்கள் எண்மருள் இவர் நான்காமவர். சவுதாம்ப்டன் நகரின் ஹார்ட்லி நிறுவனத்திலும், பின்னர் லண்டன் தென்கென்சிங்டனில் இருந்த அறிவியற் கல்லூரியிலும் பயின்ற இவர், பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டமே குறியாகப் படிக்கும் எம்மனோர்க்கு இச்செய்தி சிறிது நாணந் தருவதே.

பின்னர் இவர் பர்மிங்காம் நகரில் வாயு எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் அமர்ந்தார். அங்கே பெற்ற பயிற்சியைத் துணைக்கொண்டு, 1896ஆம் ஆண்டில் தாமே வகுத்த மோட்டார் வண்டியைச் சாலையில் ஓட்டினார். பிறர் குதிரை வண்டியில் எஞ்சினைப் பொருத்தி நிறைவடைந்த காலத்தில், இவரோ வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றையும் அடியிலிருந்து புதிதாக எண்ணிச் செய்தார். 1899ஆம் ஆண்டில் தம் இளவல்களோடு லாஞ்செஸ்டர் எஞ்சின் கம்பெனி தொடங்கியபோது, ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்கும் பொருந்துமாறு அளவு பிசகாது செய்தல் வேண்டும் என்பதை விதியாகக் கொண்டார்.

1902ஆம் ஆண்டில் இவர் உரிமை பெற்ற தடை மிக எளியது. சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அதன் விளிம்பை இருபுறத்தும் இறுகப் பற்றும் தாடைகள் இரண்டு, அவ்வளவே. ஆனால் தகட்டைப் பற்றுதற்கு அந்நாளிற் கிடைத்த பொருள் செம்பு. உலோகம் உலோகத்தை உராய்ந்து காதைத் துளைக்கும் ஓசை எழுப்பிற்று. புழுதி நிறைந்த சாலைகளிற் செம்பு விரைவில் தேய்ந்தது. எண்ணம் முதிர்ந்திருந்தது, பொருள் முதிரவில்லை. ஆகவே உலகம் உருளையின் உள்ளே அழுந்தும் பழைய தடையையே நெடுங்காலம் போற்றிற்று.

துன்பம் தடையோடு நின்றதில்லை. விற்பனை நடந்துகொண்டிருந்தும் கைம்முதல் போதாமையால் 1904ஆம் ஆண்டில் கம்பெனி கடனாளர் மேற்பார்வைக்குட்பட்டது. பின்னர் வேறு பெயரில் மீண்டும் எழுந்தது. பறத்தலின் இயல்பை இவர் ஆராய்ந்து எழுதிய கட்டுரையைக் கற்றோர் கழகம் 1897ஆம் ஆண்டில் ஏற்க மறுத்திருந்தது. அவ்வாராய்ச்சியை விரித்து 1907, 1908ஆம் ஆண்டுகளில் இரு நூல்களாக வெளியிட்டார். வானூர்தியின் இறகு எவ்வாறு தூக்கும் விசை பெறுகிறது என்பதற்கு இவர் கூறிய விளக்கம் அத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. 1922ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். புகழ் வந்தது, பொருள் வரவில்லை. முதுமையிற் பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்திற்று. பிறருடைய பொருளுதவியாலேயே தம் வீட்டை இழவாது வாழ்ந்த இவர், 1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்து ஏழே ஆண்டுகளில், 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நடந்த இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், வட்டத்தகட்டுத் தடை பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. அதன்பின் அத்தடை உலகெங்கும் பரவிற்று. செம்பிற்கு மாறாக உராய்வுப் பட்டைகளும், தாடையை அழுத்த எண்ணெய் விசையும் வந்துவிட்டமையே இவ்வெற்றிக்குக் காரணம்.

அத்தாடையே இந்நாளிற் காலிப்பர் எனப்படுவது. பற்றுதல் மட்டுமன்று, பற்றியதை விடுதலும் அதன் கடமை. மிதியை அழுத்துங்கால் பிஸ்டன் முன்சென்று பட்டையைத் தகட்டோடு சேர்க்கும். அப்போது பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் வளையம் சற்றே வளையும். மிதியை விட்டவுடன் வளையம் தன்னிலைக்கு மீள, பிஸ்டனும் மயிரிழையளவு பின்வாங்கும். பழைய வண்டியில் ஈரத்தால் துரு ஏறினும், வளையம் முதிர்ந்து இறுகினும், காலிப்பர் நகர்தற்குரிய ஊசிகள் உலர்ந்து சிக்கினும், பட்டை தகட்டை விடாது பற்றிநிற்கும்.

இந்நோயை அறிவது அரிதன்று. சிறிது தொலைவு ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாதல், கருகல் நாற்றம் எழுதல், வண்டி ஒருபுறம் இழுத்தல், ஒரு பட்டை மட்டும் விரைந்து தேய்தல் ஆகியன குறிகள். வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. சுழலாதாயின் காலிப்பரிற் காற்றுப் போக்கும் திருகைச் சற்றே தளர்த்துக. உடனே சக்கரம் விடுபடின், எண்ணெயின் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது என்பது பெறப்படும். உட்புறம் வீங்கிய ரப்பர்க் குழாய் பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். அப்போதும் விடுபடாதாயின் குற்றம் பிஸ்டனிலோ ஊசிகளிலோ உள்ளது.

ஊசிகள் சிக்கியிருப்பின் தூய்மை செய்து, வெப்பந் தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் இடுக. பிஸ்டன் குழி விழுந்து துருவேறியிருப்பின் அதனை மாற்றுக. ரப்பர் வளையங்களை எப்போதும் புதியனவாகவே இடுக. பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ அவற்றைத் தீண்டலாகாது. தீண்டின் ரப்பர் வீங்கிக் கெடும். பழைய பட்டைத் தூளில் கல்நார் இருத்தல் கூடும். அது நுரையீரலுக்குக் கேடாதலின் வாயால் ஊதலாகாது. சாதாரணப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள நீரை ஈர்ப்பதாதலின் அதனையும் புதுக்கி, உள்ளிருக்கும் காற்றை முற்றும் நீக்கியபின், மெல்ல ஓட்டிச் சோதித்தல் வேண்டும்.

லாஞ்செஸ்டரின் எண்ணத்தை அன்று வீழ்த்தியது ஒரு செப்புத் துண்டு. இன்று அதனை முடக்குவது ஒரு ரப்பர் வளையமும் ஒரு துளி ஈரமும். பேரறிவும் சிறு பொருளின் துணையின்றி நிலைபெறாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவருக்குப்பின் கோவென்ட்ரி நகரில் எழுந்த தொழிற்கல்வி நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கிற்று. அப்பெருமையைக் காண அவர் இல்லை. அவர் வாழ்ந்த காலத்துக்கு நம்மால் இனி ஒன்றும் செய்தல் இயலாது. அவர் விட்டுச்சென்ற கருவியின் சிறு உறுப்புகளையேனும் புறக்கணியாது பேணுதல், நம்மையும் நம்மோடு செல்வோரையும் காக்கும் கடமையாம். தோழர்காள், அடுத்த முறை வண்டியின் மிதியில் கால் வைக்கும்போது, பட்டமின்றிச் சென்று பொருளின்றி மறைந்த அவ்வறிஞரை ஒரு நொடி நினைமின்.