மிம்பர் மீது முல்லா நஸ்ருத்தீன்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சிறுவர்களும் அறிந்த முல்லா நஸ்ருத்தீன், 13ஆம் நூற்றாண்டில் துருக்கியின் சிவ்ரிஹிசார் அருகே ஓர் இமாமின் மகனாகப் பிறந்து, தாமும் இமாமாகப் பணியாற்றினார் என்பது மரபு.

ஒரு ஜும்ஆவில் மிம்பர் ஏறியவர், தாம் பேசவிருப்பது தெரியுமா என்று சபையோரை வினவினாராம். தெரியாது என்றனர். ஏதுமறியாதோரிடம் பேசிப் பயனில்லை என இறங்கிவிட்டார். மறுவாரம் தெரியும் என்றனர். அப்படியாயின் பேசத் தேவையில்லை என்றார். மூன்றாம் வாரம் பாதிப்பேர் தெரியும் என்றும் பாதிப்பேர் தெரியாது என்றும் கூற, தெரிந்தோர் தெரியாதோருக்குச் சொல்லட்டும் எனப் போய்விட்டார்.

சிரித்து முடித்த பின்னரே உறைக்கிறது. எடுத்துச்சொல்லும் பொறுப்பு முழுவதையும் இமாம் தலையில் ஏற்றிவிட்டு அமர்ந்திருந்த சபைக்கே அதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். (எமக்கும் ஆசைதான், துணிவில்லை.)

அக்ஷெஹிரிலுள்ள அவரது கல்லறையில் ஹிஜ்ரி 386 என்றிருக்கிறது. அதையும் திருப்பிப் படித்து, 683 என்றே கொள்கின்றனர்.