உயிர்விசைக்காக வாதாடியவர்

1741ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலாளர் மெய்ரான், தம் கருத்தை மறுத்த ஒருவருக்கு மடல் வடிவில் கண்டனம் எழுதி அச்சிட்டார். மறுத்தவர் ஒரு பெண். பெண்களுக்கு அக்கழகத்தில் இடமே இல்லாத காலம் அது. சில வாரங்களிலேயே அவர் எழுதிய மறுமொழியும் அச்சேறியது. அவர் பெயர் எமிலி து சாட்லே.

1706 டிசம்பர் 17ஆம் நாள் பாரிஸில் பிறந்த எமிலி, வீட்டிலேயே கல்வி பெற்றார். 1725இல் மணம் புரிந்தார். மகனுக்கு இயற்பியல் கற்பிக்க நல்ல பிரெஞ்சு நூல் இல்லாமையால், தாமே ஒரு நூல் எழுதி 1740இல் வெளியிட்டார். பூசலுக்கு வித்திட்டது அந்நூலின் இறுதி இயல்தான்.

இயங்கும் பொருளின் விசையை எதனால் அளப்பது? நிறையை வேகத்தால் பெருக்க வேண்டும் என்றனர் டெக்கார்ட் வழியினர். வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என்றார் லைப்னிட்ஸ். அதற்கு உயிர்விசை என்று பெயரிட்டார். எமிலி லைப்னிட்ஸின் பக்கம் நின்றார். ஹாலந்து நாட்டுக் கிராவசாண்டு களிமண்ணின்மீது உலோகக் குண்டுகளை விழச்செய்து கண்ட முடிவுகளும் அதற்கே அரணாயின.

ஒத்த வலிமையுடைய சுருள்வில்கள் வரிசையாக நிற்கின்றன எனக் கொள்வோம். ஓரலகு வேகத்தில் மோதும் பொருள் ஒரு வில்லை அழுத்தி ஓயுமானால், ஈரலகு வேகத்தில் மோதுவது முதல் நொடியில் மூன்றும் அடுத்த நொடியில் ஒன்றுமாக நான்கு வில்களை அழுத்தும். மெய்ரானோ அழுத்தப்பட்ட வில்களை எண்ணவில்லை. வேகம் குறையாதிருந்தால் முதல் நொடியில் நான்கும் அடுத்த நொடியில் இரண்டும் அழுந்தியிருக்கும். ஆகவே நொடிக்கு ஒன்றாக விடுபட்டவை இரண்டே, இழந்த விசையும் இரண்டே என்று கணக்கிட்டார். அழுத்தப்படாத வில்லில் விசை செலவாவது எப்படி என்று மடக்கினார் எமிலி. விசையை இழக்காமலே வில்லை அழுத்தும் பொருள் உலகில் இல்லை என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி.

மெய்ரான் அளந்தது இன்று உந்தம் எனப்படுவது. எமிலி காத்தது இயக்க ஆற்றல். மோதலை ஆராய இரண்டும் வேண்டும். ஆயினும் வில்லில் சேமிக்கப்படும் ஆற்றலைக் கூறுவது எமிலியின் கணக்கே.

பின்னர் நியூட்டனின் பிரின்சிப்பியாவை இலத்தீனிலிருந்து பிரெஞ்சில் பெயர்த்து விளக்கவுரை எழுதத் தொடங்கினார். 1749இல், நாற்பத்திரண்டாம் வயதில், மீண்டும் கருவுற்றிருந்தார். பேற்றில் உயிர் பிழைப்பது அரிது என்னும் அச்சத்தால் இரவு வெகுநேரம் விழித்து உழைத்தார். செப்டம்பர் 4ஆம் நாள் பெண் மகவு பிறந்தது. 10ஆம் நாள் எமிலி மறைந்தார். அரசரின் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்ட கைப்படி, ஹாலி வால்மீன் கணித்தபடியே திரும்பி வந்த 1759இல் முழுமையாக அச்சாயிற்று.